சூரியனில் வெடித்தால் மேலூரில் போனை அணைக்க வேண்டுமா?

கேள்வி இது: "எங்களுக்கு மேலூர் பக்கம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில், 'இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை சூரியப் புயல் பூமியைத் தாக்குகிறது, போனை அணைத்துத் தள்ளி வையுங்கள்' என்று வந்தது. அம்மா தன் போனை அணைத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சூரியனில் எதுவோ வெடித்தால் இங்கே எப்படிப் புயல் வரும்? மதுரைப் பக்கம் நமக்கு நிஜமாகவே ஏதாவது ஆகுமா?"

போனுக்கு ஒன்றும் ஆகாது. இந்தச் செய்தி வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது, பன்னிரண்டரை, மூன்றரை என்ற நேரம்கூட மாறுவதில்லை. ஆனால் சூரியப் புயல் என்பதே கட்டுக்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2024 மே 10-ஆம் தேதி இரவு, நம் நேரப்படி பத்தரை மணிக்கு மேல், 2003-க்குப் பிறகு வந்த மிகப் பெரிய காந்தப் புயல் பூமியில் தொடங்கியது. லடாக்கில் ஹான்லே மலை மேல் இருக்கும் வானாய்வு மையத்தின் கேமராவில் வானம் சிவந்து பதிவானது. அதே நேரம் மதுரையில் நானும் மொட்டை மாடியில்தான் நின்றேன். வழக்கமான மே மாதப் புழுக்கத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அங்கே தெரிந்தது இங்கே ஏன் தெரியவில்லை என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது.

சூரியனிலிருந்தே தொடங்குகிறேன். அது கெட்டியான உருண்டை இல்லை. முழுக்கப் பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்து மின்னூட்டத்தோடு திரியும் வாயு. அதன் நடுக்கோட்டுப் பகுதி ஒரு சுற்றைச் சுமார் 25 நாளில் முடிக்கிறது. துருவப் பக்கம் அதே சுற்றுக்கு 35 நாள் வரை ஆகிறது. பிளாஸ்மாவோடு காந்தப்புலமும் ஒட்டிக்கொண்டு நகரும் என்பதால், இந்த வேக வித்தியாசம் காந்தக் கோடுகளை முறுக்கிக்கொண்டே போகிறது. தாம்புக் கயிற்றை இரண்டு முனையிலும் பிடித்து முறுக்கிப் பார்த்திருப்பீர்கள். ஓரளவுக்கு மேல் கயிறு தாங்காது, நடுவில் வளையமாகத் துள்ளி எழும். சூரியனிலும் காந்த வளையங்கள் அப்படித்தான் மேற்பரப்பைப் பிய்த்துக்கொண்டு கிளம்புகின்றன. வளையத்தின் கால் ஊன்றிய இடத்தில் காந்தம் வலுவாக இருப்பதால், உள்ளேயிருந்து வெப்பம் மேலே வர முடிவதில்லை. சுற்றுப்புறம் 5,500 டிகிரி இருக்க அந்த இடம் மட்டும் 4,000 டிகிரி அளவில் நிற்கும், பார்க்கக் கறுப்பாகத் தெரியும். இதுதான் சூரியக் கரும்புள்ளி. ஏறத்தாழ 11 வருடத்துக்கு ஒருமுறை இவை பெருகிக் குறைகின்றன. இப்போதைய சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது, 2024-ல் உச்சத்துக்கு வந்துவிட்டதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

முறுக்கு தாங்காத வளையங்கள் அறுந்து வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும்போது, சேர்ந்திருந்த ஆற்றல் ஒரே மூச்சில் வெளியேறும். அப்போது நடக்கக்கூடியவை இரண்டு. இந்த இரண்டையும் செய்தித்தாள்கள் போட்டுக் குழப்புவதால்தான் பாதித் தவறான புரிதல்.

முதலாவது, ஃப்ளேர். எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும் பளிச்சென்று கிளம்பும் ஒளி வெடிப்பு. இரண்டாவது, சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவிலிருந்து கிளம்பும் கொரோனா உமிழ்வு. இதை ஆங்கில எழுத்துகளில் சி.எம்.இ. என்பார்கள். கோடிக்கணக்கான டன் பிளாஸ்மா, தன் காந்தப்புலத்தையும் சுருட்டிக்கொண்டு, நொடிக்குச் சில நூறு கிலோமீட்டரிலிருந்து 3,000 கிலோமீட்டர் வரையான வேகத்தில் கிளம்பிவரும் பிரம்மாண்ட மேகம். ஃப்ளேர் வந்தால் உமிழ்வும் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2014 அக்டோபரில், அந்தச் சுழற்சியிலேயே பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று பூமியைப் பார்த்து நின்றது, எக்ஸ் என்ற மிகக் கடுமையான வகை ஃப்ளேர்கள் ஆறு வெடித்தன. ஆனால் பெரிய உமிழ்வு எதுவும் நம் பக்கம் கிளம்பவில்லை, காந்தப் புயலும் இல்லை.

மதுரைக்காரர்களுக்கு இதை வைகையை வைத்துச் சொல்லலாம். ஆண்டிபட்டிப் பக்கம் அணையில் மதகைத் திறந்தால், செய்தி போனில் அந்த நிமிடமே மதுரைக்கு வந்துவிடும். தண்ணீர் மெதுவாகத்தான் வரும். வைகை அணையில் 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது என்று வரிசை உண்டல்லவா? சூரியனிலிருந்தும் மூன்று தவணையாகத்தான் எல்லாம் வருகிறது. 15 கோடி கிலோமீட்டர் தாண்டி ஃப்ளேரின் ஒளி எட்டே நிமிடத்தில் வந்துவிடும். வேகமாக முடுக்கிவிடப்பட்ட புரோட்டான்கள் அரை மணியிலிருந்து சில மணி நேரத்தில் வரும். உமிழ்வு மேகம் வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும், அசுர வேகத்தில் வந்தால் ஒரு நாளுக்குள்ளேயே வந்துவிடும். ஒப்புமை ஓரிடத்தில் இடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆற்று வெள்ளம் கரைக்குள் வரும். இந்த மேகம் விரிந்துகொண்டே வருவது, பெரும்பாலும் நம்மைத் தொடாமல் வேறு திசையில் போய்விடுவது. 2012 ஜூலை 23-ல் கிளம்பிய ராட்சத மேகம் பூமியின் சுற்றுப்பாதையைத்தான் கடந்தது, அப்போது நாம் அங்கே இல்லை.

முதல் தவணையில் நான் நேரடியாக ஏமாந்திருக்கிறேன். ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் தொலைதூரத்தவரோடு பேசுவது, எனக்கு நாற்பது வருடப் பழக்கம். 2003-ல் தீபாவளி முடிந்த வாரம், அக்டோபர் 28. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் 14 மெகாஹெர்ட்ஸில் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் ஒவ்வொன்றாக அமுங்கி, வெறும் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. ஆன்டெனா வயரை அணில் கடித்திருக்கும் என்று மாடி ஏறினேன். வயர் சரியாக இருந்தது. ரிக்கை, அதாவது ரேடியோப் பெட்டியை, திருப்பிப் போட்டு ஸ்க்ரூவைக் கழற்றினேன், ஃபியூஸை மாற்றினேன். இருட்டிய பிறகு எல்லாம் தானாகவே உயிர் பெற்றது. மறுநாள்தான் விஷயம் தெரிந்தது: நம் நேரப்படி மாலை 4.40 மணிக்கு எக்ஸ் 17 என்ற அளவில் ஒரு ஃப்ளேர். அதன் எக்ஸ் கதிர் சூரியனைப் பார்த்திருந்த பாதிப் பூமியின் அயனி மண்டலத்தில், அதாவது உயரே மின்னூட்டம் பெற்ற காற்று அடுக்கில், அடித்தட்டைத் தடிமனாக்கிவிட்டது. வானத்தில் பட்டுத் திரும்ப வேண்டிய சிற்றலைகளை அந்தத் தட்டு விழுங்கிக்கொண்டது. இரவுப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே நள்ளிரவில் ஃப்ளேர் நம்மைத் தாக்கும் என்று யாராவது சொன்னால், அந்த நேரம் நமக்கும் சூரியனுக்கும் நடுவில் முழுப் பூமியும் நிற்கிறது என்பதை ஞாபகப்படுத்துங்கள்.

அந்த ஃப்ளேரோடு கிளம்பிய மேகம் மறுநாள் நண்பகலுக்குச் சற்று முன்னால், அதாவது 19 மணி நேரத்தில் பூமிக்கு வந்து சேர்ந்தது. காந்தப் புயல் என்று சொல்வது இதற்கு மேல் நடப்பதைத்தான்.

பூமிக்குத் தன் காந்தப்புலம் ஒரு கரை. மேகம் இடித்ததும் கரை கொஞ்சம் உள்ளே அமுங்கும். அந்தக் கணமே உலகம் முழுக்கக் காந்தமானிகளில் ஒரு சின்னத் துள்ளல் தெரியும். ஆனால் கரை அமுங்கினால் மட்டும் தண்ணீர் உள்ளே வந்துவிடாது, மடை திறக்க வேண்டும். நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் மடை சாத்தியிருந்தால் வயல் நனையாது. இங்கே மடை எது என்றால், வரும் மேகத்தின் காந்தப்புலம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. சூரியன் பக்கம் பூமியின் புலம் வடக்கு நோக்கியது. வருவதும் வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பகுதி வழுக்கிக்கொண்டு போய்விடும். தெற்கு நோக்கி இருந்தால், எதிரெதிர்க் கோடுகள் அறுந்து ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். மடை திறந்துகொண்டது. மேகத்தின் ஆற்றல் பூமியின் இரவுப் பக்க வாலில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து உள்நோக்கிப் பாயும்.

என்னைக் கேட்டால் இந்த விஷயம் முழுவதிலும் மனதில் நிறுத்த வேண்டியது இந்த ஒன்றைத்தான். சூரியனில் எவ்வளவு பெரிதாக வெடித்தது என்பதைவிட, வந்து சேர்ந்த மேகம் எந்தப் பக்கம் காந்தம் காட்டுகிறது, எவ்வளவு நேரம் காட்டுகிறது என்பதே புயலின் கடுமையைத் தீர்மானிக்கிறது. சிக்கல் என்னவென்றால் அந்தத் திசையைத் தொலைவிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மேகம் நம்மிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் நிற்கும் விண்கலங்களைத் தொடும்போதுதான் அளக்க முடியும். நொடிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அங்கிருந்து இங்கே வர அரை மணி நேரம்தான். இந்தியாவின் ஆதித்யா எல்-1 2024 ஜனவரி 6 முதல் அந்த இடத்தில்தான் இருக்கிறது, அதில் காந்தமானியும் உண்டு. அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவர். பல்கலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

உள்ளே வந்த ஆற்றல் இரண்டு வேலை செய்கிறது. துருவப் பக்கம் துகள்கள் காற்றில் மோதி ஆக்சிஜனைப் பச்சையும் சிவப்புமாக ஒளிர வைக்கும், இதுதான் துருவ ஒளி. ஹான்லேயில் தெரிந்தது வடக்கே வெகு தொலைவில், மிக உயரத்தில் எரிந்த சிவப்புத் தலைப்பு மட்டும். இன்னொரு பக்கம், பூமியைச் சுற்றி நடுக்கோட்டுக்கு மேலே, பல ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கு நோக்கி ஒரு மின்னோட்ட வளையம் வலுக்கும். அது உண்டாக்கும் காந்தப்புலம் நமக்குச் சொந்தமான புலத்துக்கு எதிர். ஆக, புயல் நேரத்தில் நடுக்கோட்டு ஊர்களில் காந்தப்புலம் குறையும். எவ்வளவு குறைகிறது என்பதே புயலின் அளவுகோல். மதுரையில் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு இது). 2024 மே புயலில் குறைந்தது ஏறத்தாழ 400, அதாவது நூற்றுக்கு ஒன்று. உங்கள் கையில் திசைகாட்டி இருந்திருந்தாலும் முள் அசைந்ததைக் கண்டிருக்க மாட்டீர்கள்.

1859 செப்டம்பரில் வந்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது கண்ணெதிரே ஒரு வெள்ளை ஒளி வெடிப்பைப் பார்த்தார். பதினேழரை மணி நேரத்தில் மேகம் வந்து சேர்ந்தது. பம்பாய் கொலாபாவில் அப்போதே காந்த ஆய்வகம் இருந்தது. ஆட்கள் கண்ணால் பார்த்துக் கையால் குறித்த ஏட்டில், புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்தது பதிவாகியிருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அந்தப் புயலின் பலத்தைக் கணக்கிட எடுத்துக்கொண்டது இந்த ஏட்டைத்தான். (பம்பாயில் டிராம் மின்சாரத்தில் ஓடப்போகிறது என்றதும், அந்தக் கரண்ட் அளவீட்டைக் கெடுக்கும் என்று 1904-ல் ஆய்வகத்தை அலிபாக்குக்கு மாற்றினார்கள்.) 1872 பிப்ரவரி 4-ல் வந்த புயலில் பம்பாயிலேயே துருவ ஒளி தெரிந்ததாகக் குறிப்பு உண்டு. நம்ப முடியாத விஷயம், ஆனால் நடந்திருக்கிறது.

சரி, போன் ஏன் கெடாது? காந்தப்புலம் வேகமாக மாறினால் கம்பிகளில் மின்னழுத்தம் தூண்டப்படும். பெரிய புயலில் உயர் அட்சரேகை நாடுகளில் அது கிலோமீட்டருக்குச் சில வோல்ட் வரை போகும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீள மின்பாதையில் இது சேர்ந்துகொண்டே போய், மின்மாற்றிகளுக்குள் போகக் கூடாத நேர்மின்னோட்டத்தைத் தள்ளும். 1989 மார்ச் 13-ல் கனடாவின் கியூபெக் மாகாண மின்கட்டமைப்பு ஒன்றரை நிமிடத்தில் இப்படித்தான் படுத்தது. 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில். 1859-ல் அமெரிக்காவில் தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வானத்திலிருந்து தூண்டப்பட்ட கரண்டிலேயே செய்தி அனுப்பினார்கள். எல்லாமே நீளக் கம்பியின் கதை. உங்கள் அம்மா போனின் நீளம் ஆறு அங்குலம். கிலோமீட்டருக்கு ஐந்து வோல்ட் என்றே வைத்தாலும் அதில் வருவது ஆயிரத்தில் ஒரு வோல்ட்கூட இல்லை. பீரோவுக்குள் இருந்தாலும் சரி, வெளியே இருந்தாலும் சரி.

உடம்புக்கு? நம் தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்து டன் காற்று இருக்கிறது, பத்து மீட்டர் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். போதாததற்கு, விண்ணிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களைத் தடுப்பதில் தென்னிந்தியா மேல் இருக்கும் காந்த வேலி உலகிலேயே உயரமானவற்றில் ஒன்று. அந்த வேலியும் புயலில் சற்றுத் தளரும். 2015 ஜூன் 22-ல் ஊட்டியிலுள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம், விண்கதிர்கள் காற்றில் மோதி உண்டாகும் மியூவான் துகள்கள் இரண்டு மணி நேரம் வழக்கத்தைவிட அதிகமாக விழுந்ததை அளந்தது. காந்த அரண் தற்காலிகமாக வலுவிழந்ததே காரணம் என்று அந்தக் குழு எழுதியது. நுட்பமான கருவிக்கு மட்டுமே தெரிந்த வித்தியாசம் அது. ஊட்டியில் அன்று ஒருவருக்கும் தலைவலிகூட வந்திருக்காது.

அப்படியானால் மதுரைப் பக்கத்துக்கு எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது, வாட்ஸ்அப்பில் சொல்லாத ஒன்று. பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு, தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகப் போகிறது. அதை ஒட்டி, 105 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னாறு ஓடுகிறது. இதைக் கவனிப்பதற்கென்றே திருநெல்வேலிக்குப் பக்கத்தில், சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறது. புயல் வரும்போது துருவப் பக்கத்து மின்புலம் சில நிமிடங்களில் இங்கே வரை ஊடுருவி, நமக்கு மேலே இருக்கும் அயனி மண்டலத்தைத் தூக்கியடிக்கும். சூரியன் மறைந்த பிறகு அதில் குமிழிகள் கிளம்பும். ஜிபிஎஸ் சிக்னல் அந்தக் குமிழிகளைக் கடந்து வரும்போது, தண்ணீருக்கடியில் கிடக்கும் காசு போல மினுங்கும்.

கூகுள் மேப் பார்த்து அழகர்கோயில் போகிறவருக்கு இது தெரியவே தெரியாது. சென்டிமீட்டர் துல்லியத்தில் நிலம் அளக்கும் சர்வேயருக்குத் தெரியும். கருவியில் துல்லியமான இடம் உறுதியானதைக் காட்டும் 'ஃபிக்ஸ்' விழாமல், உறுதியாகாத 'ஃப்ளோட்'டிலேயே நின்று உயிரை வாங்கும். கருவி பழுது என்று சர்வீஸுக்கு அனுப்பியவரை எனக்குத் தெரியும், நான் ரிக்கைப் பிரித்த கதைதான். இன்னொன்று, இந்தக் குமிழிகளுக்குப் புயல் வேண்டும் என்பதில்லை. பங்குனி, புரட்டாசி மாதங்களில், சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் வருடங்களில், சாதாரண நாளிலும் வரும். பெரும் காந்தப் புயல்களும் இந்த இரண்டு பருவத்தில்தான் அதிகம் வருகின்றன. பூமியின் சாய்வும், சூரியனிலிருந்து எப்போதும் வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்றின் காந்தமும் அப்போது மடை திறக்கத் தோதாக அமைகின்றன.

செயற்கைக்கோள்களுக்கும் தலைவலி உண்டு. புயல் மேல் காற்றைச் சூடாக்கி உப்ப வைக்கும், தாழ்வாகப் பறப்பவை அதில் உராய்ந்து வேகம் இழக்கும். 2022 பிப்ரவரியில் ஸ்டார்லிங்க் ஏவிய 49-ல் ஏறத்தாழ நாற்பது இப்படித்தான் விழுந்து எரிந்தன. அது ஒன்றும் பெரிய புயல்கூட இல்லை.

சூரியனில் நடப்பதைப் பார்க்க ஆசை இருந்தால் கொடைக்கானல் போய்வாருங்கள். பஸ்ஸில் நாலு மணி நேரம். 1870-களின் தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியப் புள்ளிக்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற சந்தேகத்தில் எழுந்த யோசனை, 1899-ல் அங்கே சூரிய ஆய்வகமாக உருவெடுத்தது. மழைக் கணக்கு அவர்கள் நினைத்தபடி கைகூடவில்லை. ஆனால் 1909-ல் ஜான் எவர்ஷெட் அங்கேதான் கரும்புள்ளிக்குள் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார், உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் அது அவர் பெயரில்தான் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக எடுத்துச் சேர்த்த சூரியப் படங்கள் அங்கே உண்டு. வெறும் கண்ணாலோ பைனாகுலராலோ நீங்களே சூரியனைப் பார்க்க முயலாதீர்கள், கண் போய்விடும்.

மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டவர்கள், புயல் நாளில் யூனிட் கூடுமா என்று என்னிடம் கேட்பதுண்டு. கூடாது. 11 வருடச் சுழற்சி முழுவதிலும் சூரிய வெளிச்சம் மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்குதான். பேனலில் படிந்த தூசியைத் துடைத்தால் அதைவிட அதிகம் கிடைக்கும்.

அடுத்த முறை குழுவில் இப்படி ஒரு செய்தி வந்தால், அனுப்பிய மாமாவிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: மேகத்தின் காந்தம் வடக்கா, தெற்கா? பதில் வராது. அம்மாவின் போனை பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுங்கள், காலையில் அலாரம் அடிக்காமல் போய்விடப் போகிறது.